வாவித் தண்ணீர், ஒரு லீற்றர்

அம்பிளாந்துறைத் துறையில் காலை ஐந்தே முக்கால்.
மீன்வாடியில் இரவல் வாங்கிய ஐஸ்பெட்டிக்குள்
ஆறு போத்தல். ஐந்து வெறும்;
ஆறாவதில் காய்ச்சி வடித்த நீர்.
எங்களோடு வந்து, ஒருமுறை திறந்து மூடி,
எதுவும் அள்ளாமல் திரும்ப வேண்டிய போத்தல் அது.

"தண்ணியக் கொண்டுபோய் என்ன செய்யிற?"
பேரின்பம் அண்ணை சவள் வலித்தபடி கேட்டார்.
மீன் போன வழியெல்லாம்
செதிளும் சளியும் எச்சமும் உதிர்க்கும்;
அதில் கலம், கலத்துக்குள் இழைமணி,
இழைமணிக்குள் ஒரு சின்ன வளையம்,
நாலே எழுத்தில் எழுதிய வளையம் என்றேன்.
"கலத்துக்குள்ளயா?" என்று தன் தோணியைப் பார்த்தார்.
பாடப்புத்தகம் வைத்த பெயர், நான் என்ன செய்ய.

"இறால் தெரியுமா?"
தெரியாது. நான் போடுவது
இருபது எழுத்து நீளத்தில் இரண்டு துண்டு.
மீனின் எழுத்தைத் தேடிப்போய் ஒட்டும்,
ஒட்டிய இடத்திலிருந்து படியெடுக்கும்.
இறாலுக்கு வேறு துண்டு வேண்டும்.
"வலைக்கண் மாதிரி."
ஓம், வலைக்கண் மாதிரி. கொஞ்சம் கிழிந்த வலை:
மாடும் விழும், கோழியும் விழும்,
முதுகெலும்பு உள்ள எதுவும் தவறி விழும்.

மூன்றாம் நிலையம்.
எழுவான்கரையும் படுவான்கரையும்
ஒரே தூரத்தில் நிற்கும் இடம்.
சவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"மனிசரும் விழுமா, புள்ள?"

விழும் என்றேன்.
தோணி தானாகக் கொஞ்சம் திரும்பியது.
எந்த ஆண்டு என்று அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவும் இல்லை.
வெயிலும் பற்றீரியாவும் அறுத்துப்போடும்,
இந்தச் சூட்டில் இரண்டு மூன்று நாள்,
அதற்கு மேல் தண்ணீரில் நிற்காது என்றேன்,
வகுப்பெடுக்கும் குரலில்.
"அப்ப நேத்து மட்டும்தான் இதுக்குத் தெரியும்."
ஓம்.
கையை மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டார்,
போத்தல் நிரம்பும்வரை எடுக்கவில்லை.
நெறிமுறைப்படி நான் தடுத்திருக்க வேண்டும்.

வந்தாறுமூலை ஆய்வுகூடத்தில், வடிதாளில்,
ஒரு லீற்றர் வாவி பச்சைப் பொட்டாகச் சுருங்கியது.
பி.சி.ஆர். முப்பத்தைந்து சுற்று:
தொண்ணூற்றைந்து பாகையில் இரட்டை இழை பிரியும்,
ஐம்பத்தெட்டில் துண்டு போய் ஒட்டும்,
எழுபத்திரண்டில் வளரும். மறுகா தொண்ணூற்றைந்து.
இருபத்தோராம் சுற்றில் கரண்ட் போனது.
காலையில் முதலிலிருந்து.

கொழும்பு பஸ்ஸில் அனுப்பி
ஏழு கிழமை கழித்து வந்தது:
ஆறு நிரல், நூற்று நாற்பது நிரை.
மணலை. ஓரா. கெளுத்தி.
ஊர் யப்பான் என்னும் திலாப்பியா.
பேரின்பம் அண்ணை ஒருநாளும் பிடித்திராத ஒரு விலாங்கு,
முப்பத்தொரு தடவை.
மாடு. கோழி.
மனிதர்.

ஆறு நிரலிலும் மனிதர்.
இழைமணி தாய்வழி மட்டும் வரும்.
எங்கள் குடியும் அப்படித்தான்,
கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி அது.
ஆனால் நூற்றெழுபது எழுத்துத் துண்டில்
குடி தெரியாது, ஊர் தெரியாது, ஆள் தெரியாது.
மூன்றாம் நிலையம்: நாலாயிரத்துச் சொச்சம்.
எதுவும் அள்ளாத ஆறாம் போத்தல்:
மூவாயிரத்துத் தொளாயிரம்.
அது என் கை. அல்லது என் மூச்சு.
வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

நெறிமுறையில் ஒரு வரி: மனித நிரையை நீக்குக.
நீக்கினேன்.
அட்டவணைக்குக் கீழே, சிறிய எழுத்தில், காரணம்.

மேற்பார்வையாளர் கேட்டது வேறு:
நாலாம் நிலையத்தில் மணலை எங்கே?
மணலை இல்லாத வாவி உண்டா?
மறுபடி அள்ள வேண்டும்.
பேரின்பம் அண்ணைக்கு அழைப்பெடுத்தேன்.
பின்னால் எஞ்சின் சத்தம், யாரோ விலை பேசும் சத்தம்.
"வா வா. மறுகா,
இந்தமுற இறாலுக்கும் சேத்து ஒண்டு கொண்டா."